ஒரு குண்டும் சுடாத ரெஜிமென்ட்: ஆள்பலம், ஆயுதபலம், தல்ஸ்தோய்

1

உலகத்தில் எங்காவது போர் மூண்டால் அன்று சாயங்காலமே தொலைக்காட்சியில் ஒரு அட்டவணை வந்துவிடும். இடப்பக்கம் ஒரு கொடி, வலப்பக்கம் ஒரு கொடி. நடுவில் வரிசையாக: படைவீரர்கள் இத்தனை லட்சம், டாங்கிகள் இத்தனை ஆயிரம், போர் விமானங்கள் இத்தனை. கிரிக்கெட் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணிகளின் சராசரியைப் போடுவார்களே, அதே மாதிரி. பார்க்கிறவர்களும் அதே மாதிரிதான் பார்க்கிறோம். எந்தப் பக்கம் எண் பெரிசு என்று கண் தானாகத் தேடுகிறது.

மதுரையில் ஒரு டீக்கடையில் அப்படி ஒரு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான பேச்சு ஆரம்பித்தது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், நிறைய வாசிக்கிற நண்பன். போர் வரலாற்றுக் காணொளிகள் ஒன்று விடாமல் பார்ப்பான். அட்டவணையைக் காட்டிச் சொன்னான்:

“இதுல பேச என்னண்ணே இருக்கு? அந்தப் பக்கம் எட்டு லட்சம் பேரு, இந்தப் பக்கம் ரெண்டு லட்சம். நாலுக்கு ஒண்ணு. முடிஞ்சது கணக்கு.”

“அப்போ ஆயுதம்?”

“ஆயுதமும் எண்ணிக்கைதாண்ணே. ஆளை எண்ணுறதுக்குப் பதிலா பீரங்கியை எண்ணுறோம். அம்புட்டுதான்.”

நான் சட்டென்று, “தல்ஸ்தோய் ஒத்துக்க மாட்டார்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தோன்றியது, தல்ஸ்தோய் உண்மையிலேயே ஒத்துக்கொள்ள மாட்டாரா? எந்தத் தல்ஸ்தோய்? அந்தச் சந்தேகத்தில்தான் ‘போரும் வாழ்வும்’ நாவலின் போர் அத்தியாயங்களை மறுபடி எடுத்து வாசித்தேன். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பில் நம்மில் பலரும் வீட்டு அலமாரியில் வைத்திருந்து, பாதியில் நிறுத்திய புத்தகம்தான்.

2

கேள்வி பழையது. பாரதத்தில் கௌரவர் பக்கம் 11 அக்குரோணி, பாண்டவர் பக்கம் 7. துரியோதனன் கண்ணனின் சேனையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அர்ச்சுனன் ஆயுதம் தொடாத கண்ணனை வாங்கிக்கொள்கிறான். கதை யார் பக்கம் முடிகிறது என்று சொல்லத் தேவையில்லை. படைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவரும் எண்ணிக்கையைக் கேலிதான் செய்கிறார்: கடல் மாதிரி இரைகிற எலிக்கூட்டம், ஒரு நாகம் மூச்சுவிட்டால் காலி.

ஐரோப்பாவில் இதற்கு இன்னொரு வடிவம் இருந்தது. கடவுள் பெரிய படையின் பக்கம்தான் நிற்பார் என்று ஒரு சொலவடை அங்கே புழங்கியது. வால்டேர் தன் குறிப்பேட்டில் அதைத் திருத்தி எழுதிவைத்தார்: பெரிய படையின் பக்கம் இல்லை, நன்றாகச் சுடுகிறவர்களின் பக்கம். ஆள்பலமா ஆயுதபலமா என்ற விவாதம் முழுவதும் இந்த ஒரு திருத்தத்துக்குள் அடங்கிவிடுகிறது.

தல்ஸ்தோய் இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். 1812-இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் வந்த கதையைச் சொல்லிக்கொண்டே போகிறவர், நான்காம் பாகத்தில் திடீரென்று கதையை நிறுத்திவிட்டுக் கரும்பலகைக்குப் போகிறார். படையின் பலம் என்பது ஆள் எண்ணிக்கையை ஏதோ ஒன்றால் பெருக்கினால் வருவது. அந்த ஏதோ ஒன்றுக்கு ‘எக்ஸ்’ என்று பெயர் வைப்போம் என்கிறார். அந்த எக்ஸ்தான் படையின் மன உறுதி. சண்டையிடவும் ஆபத்தை எதிர்கொள்ளவும் படையில் உள்ளவர்களுக்கு இருக்கிற விருப்பம். தளபதி மேதையா மூடனா, கையில் இருப்பது தடியா அல்லது நிமிடத்துக்கு முப்பது முறை சுடும் துப்பாக்கியா என்பதையெல்லாம் பொருட்படுத்தாமல் இந்த எக்ஸ் வேலை செய்யும் என்பது அவர் வாதம்.

ஓர் உதாரணக் கணக்கும் போட்டுக் காட்டுகிறார். பத்துப் பேர் பதினைந்து பேரோடு மோதுகிறார்கள். பதினைந்து பேரும் செத்தோ பிடிபட்டோ போகிறார்கள். பத்துப் பேரில் நான்கு பேர் மட்டும் போகிறார்கள். அப்படியானால் இந்தப் பக்கத்து நான்கு, அந்தப் பக்கத்துப் பதினைந்துக்குச் சமம். இரண்டு படைகளின் எக்ஸுக்கும் உள்ள விகிதம் 15-க்கு 4. அதாவது 3.75.

இதே கருத்தை நாவலில் ஒரு பாத்திரமும் பேசுகிறது. போரோதினோ சண்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் இளவரசன் ஆந்த்ரேயைப் பார்க்க பியேர் வருகிறான். போர் சதுரங்கம் மாதிரித்தானே என்று விவரம் தெரியாமல் கேட்கிறான். இல்லை என்கிறான் ஆந்த்ரேய். வெற்றி இடத்தைப் பொறுத்தது இல்லை, ஆயுதத்தைப் பொறுத்தது இல்லை, எண்ணிக்கையைக்கூடப் பொறுத்தது இல்லை. எனக்குள்ளும் இதோ இந்தத் திமோகினுக்குள்ளும் ஒவ்வொரு சிப்பாய்க்குள்ளும் இருக்கிற ஓர் உணர்வைப் பொறுத்தது. பக்கத்தில் நிற்கும் திமோகினும் ஆமோதிக்கிறான்: என் ஆட்கள் இன்றைக்கு வோட்காவைக்கூடத் தொடவில்லை. அதோடு ஆந்த்ரேய் இன்னொன்றும் சொல்கிறான். ஆஸ்டர்லிட்ஸில் நாம் ஏன் தோற்றோம்? தோற்றுவிட்டோம் என்று நாமே சீக்கிரமாகச் சொல்லிக்கொண்டோம், அதனால் தோற்றோம்.

முதல் முறை வாசிக்கும்போது நமக்குப் புல்லரிக்கும் பக்கம் இது. எனக்கும் கல்லூரி நாட்களில் புல்லரித்தது. இந்த முறை கடைசி வரியில் கொஞ்சம் நின்றேன். ஆஸ்டர்லிட்ஸில் செத்தவர்களைப் பற்றித்தானே சொல்கிறான்?

3

தல்ஸ்தோயின் கணக்கை அப்படியே விட்டுவிடாமல் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு பொறியாளரின் துணை தேவை.

பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1916-இல் விமானப் போர் குறித்து ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆள்பலம், ஆயுதபலம் இரண்டையும் ஒரே சூத்திரத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். எல்லோரும் எல்லோரையும் குறிபார்த்துச் சுட முடிகிற களத்தில், ஒரு படையின் பலம் எண்ணிக்கையைப் போல வளர்வதில்லை, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல வளர்கிறது. 2,000 பேர் 1,000 பேரோடு மோதினால் பலம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. காரணம் எளிமையானது. பெரிய படையில் சுடுகிறவர்கள் அதிகம். அவர்களுடைய குண்டுகள் குறைவான பேர் மீது குவிகின்றன. சிறிய படையின் குண்டுகளோ நிறையப் பேர் மீது சிதறுகின்றன. ஒவ்வொரு நிமிடமும் இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். அதனால் எண்ணிக்கையில் பாதியாக இருக்கிற படை சமமாக நிற்க வேண்டுமென்றால், அதில் ஒவ்வொருவனின் சுடுதிறனும் எதிரியைவிட நான்கு மடங்கு இருக்க வேண்டும்.

டீக்கடை நண்பனுக்கு இது இனிக்கும். “பாத்தீங்களாண்ணே, எண்ணிக்கைக்குத்தான் வர்க்கம் போட்டிருக்கான்” என்பான்.

இப்போது தல்ஸ்தோயின் பத்துக்குப் பதினைந்தை லான்செஸ்டரிடம் கொடுப்போம். பத்தில் ஆறு மிஞ்சுகிறது. பத்தின் வர்க்கம் 100, ஆறின் வர்க்கம் 36. வித்தியாசம் 64. அந்தப் பக்கம் பதினைந்தின் வர்க்கம் 225, மிச்சம் ஒன்றுமில்லை. 225-ஐ 64-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.5. தல்ஸ்தோய் சொன்னது 3.75. வழி வேறு, கால் நூற்றாண்டு இல்லை, அரை நூற்றாண்டு இடைவெளி. ஆனால் விடை பக்கத்தில் பக்கத்தில் வருகிறது.

எனக்கு இதில் சுவாரசியம் விடை ஒத்துப்போவதில் இல்லை. ஒரே எண்ணுக்கு இருவரும் வைத்த பெயரில்தான். லான்செஸ்டர் அந்த 3.5-ஐ ‘ஒரு ஆளின் சுடுதிறன்’ என்கிறார். தல்ஸ்தோய் தன் 3.75-ஐ ‘மன உறுதி’ என்கிறார். கணக்கு இந்த இரண்டில் எதையும் நிரூபிக்கவில்லை. பத்துப் பேர் ஜெயித்தார்கள், எண்ணிக்கை அதை விளக்கவில்லை, மிச்சமாக ஏதோ ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான் கணக்குச் சொல்கிறது. அந்த மிச்சம் நல்ல துப்பாக்கியாக இருக்கலாம், மேடான இடமாக இருக்கலாம், முந்தின ராத்திரி எதிரிக்கு வந்த வயிற்றுப்போக்காகக்கூட இருக்கலாம். விளக்க முடியாத மிச்சத்துக்கு ஆன்மா என்று தல்ஸ்தோய் பெயர் வைத்துவிட்டார். அதுவும் சண்டை முடிந்த பிறகு, யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்த பிறகு கண்டுபிடிக்கிற எக்ஸ். ஜெயித்தவனுக்கு அதிகமாகவும் தோற்றவனுக்குக் குறைவாகவும் மட்டுமே அது வர முடியும். வேறு மாதிரி வரவே வராது.

4

நல்லவேளையாக, கரும்பலகையில் எழுதிய தல்ஸ்தோய் ஒருவர், கதை எழுதிய தல்ஸ்தோய் இன்னொருவர். இரண்டாமவர் பீரங்கிப் படை அதிகாரி. 1851-இல் காகசஸுக்குப் போனவர், கிரிமியப் போரில் செவஸ்தபோல் முற்றுகைக்குள் இருந்தவர். ஒரு குண்டு வருகிற சத்தம் எப்படி இருக்கும், விழுந்த பிறகு வெடிப்பதற்குள் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதெல்லாம் உடம்பால் தெரிந்தவர். ஆயுதத்தால் ஒன்றும் ஆகாது என்று எழுதிய மனிதருக்கு அப்படி ஒரு முன்கதை உண்டு.

முதலில் துஷினைப் பாருங்கள். ஷோன்கிராபென் சண்டையில் நான்கு பீரங்கிகளை வைத்துக்கொண்டு, காவலுக்கு ஒரு காலாட்படைகூட இல்லாமல், நடுக்களத்தில் மறந்துபோய் விடப்பட்ட குள்ளமான கேப்டன். வாயில் சுங்கானை வைத்துக்கொண்டு, எதிரி பீரங்கிகளை யாரோ புகைபிடிப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, தன் பழைய பீரங்கிக்குச் செல்லப்பெயர் வைத்துக் கொஞ்சிக்கொண்டு சுடுகிறான். அந்த நான்கு பீரங்கிகள் போடுகிற போட்டில் ரஷ்யப் படையின் பெரும்பகுதி நடுவில்தான் நிற்கிறது என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆயுதபலத்தைப் பார்த்து ஆள்பலம் என்று ஏமாந்த கதை இது. எதிரிக்கே இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றால், அட்டவணையில் தனித்தனி வரிசையில் போட்டு நாம் என்னத்தைப் பார்த்துவிடப் போகிறோம்?

அடுத்தது போரோதினோ. 1812 செப்டம்பர் 7. பிரெஞ்சுத் தரப்பில் ஏறத்தாழ 1,30,000 பேர், ரஷ்யத் தரப்பில் ஏறத்தாழ 1,20,000 பேர். பீரங்கிகள் இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேல். ஒரே பகலில் இரண்டு பக்கமும் சேர்ந்து செத்தவர்கள், காயம்பட்டவர்கள் தொகை 70,000-ஐ ஒட்டி வருகிறது. அந்தப் பகலில் ஆந்த்ரேயின் ரெஜிமென்ட் என்ன செய்கிறது?

ஒன்றும் செய்யவில்லை.

ரிசர்வில் நிறுத்தப்பட்ட ரெஜிமென்ட் அது. முதலில் ஓரிடத்தில் சும்மா நின்றபடியே 200 பேருக்கு மேல் இழக்கிறது. பிறகு கொஞ்சம் முன்னால் நகர்த்தி, மிதிபட்ட ஓர் ஓட்ஸ் வயலில் நிறுத்துகிறார்கள். அங்கே எதிரியின் பீரங்கிகள் மொத்தமும் குறிவைத்த மாதிரிக் குண்டுகள் விழுகின்றன. அந்த இடத்தைவிட்டு அசையாமல், ஒரு குண்டும் சுடாமல், மிச்சமிருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு சிப்பாய்க்குள்ளும் இருக்கிற உணர்வுதான் எல்லாம் என்று சொன்னானே, அதே ஆந்த்ரேய்தான் இந்த ரெஜிமென்டின் தலைவன். வோட்காவைத் தொடாத சிப்பாய்களும் இங்கேதான் இருக்கிறார்கள். எக்ஸ் உச்சத்தில் இருக்கிற படை. ஆனால் அந்த எக்ஸை எதன் மீது பிரயோகிப்பது? எதிரி கண்ணுக்கே தெரியவில்லை. குண்டு மட்டும் வந்துகொண்டிருக்கிறது. தல்ஸ்தோயின் சமன்பாட்டில் மன உறுதியைப் பெருக்க ஒரு எண்ணிக்கை வேண்டும். இந்த வயலில் எண்ணிக்கை கண்ணெதிரே குறைந்துகொண்டே போகிறது, பெருக்க ஒன்றுமில்லை. லான்செஸ்டரின் சூத்திரமும் இங்கே செல்லாது. திருப்பிச் சுட முடிகிறவர்களுக்குத்தான் அந்தச் சூத்திரம்.

பிறகு அந்தக் குண்டு. ஆந்த்ரேய்க்கு அருகில் விழுந்து, பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டு புகைகிறது. பக்கத்தில் இருந்த அதிகாரி “படுங்க!” என்று கத்திக்கொண்டு தரையோடு தரையாக விழுகிறான். ஆந்த்ரேய் படுக்கவில்லை. புல்லைப் பார்க்கிறான், புதரைப் பார்க்கிறான், உயிர்வாழ ஆசையாக இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. படுத்தவனைப் பார்த்து, இது வெட்கக்கேடு என்று சொல்ல வாயெடுக்கிறான். குண்டு வெடிக்கிறது.

அடிவயிற்றில் படுகிறது. அந்தக் காயத்திலேயே, பல நாள் கழித்து, சாகிறான்.

மன உறுதியால் வெல்லலாம் என்று சொன்னவன் மன உறுதியால்தான் சாகிறான். படுத்தவன் பிழைத்திருப்பான். தல்ஸ்தோய் இதை எங்கேயும் சுட்டிக்காட்டுவதில்லை. ஒரு வரி விளக்கம் இல்லை. பக்கம் பக்கமாகத் தத்துவம் பேசத் தயங்காத மனிதர், தன் தத்துவத்தை உடைக்கிற இந்த இடத்தில் வாயே திறப்பதில்லை. அவருக்கே தெரியாமல் எழுதினாரா, தெரிந்து விட்டுவிட்டாரா என்ற ஆராய்ச்சி எனக்கு முக்கியமாகப் படவில்லை. 1867-இல் போரோதினோ களத்துக்கே நேரில் போய் நடந்து பார்த்துவிட்டு எழுதியவர் அவர். களத்தில் இருந்த கண், கரும்பலகையில் இருந்த கையைவிட நேர்மையாக இருந்திருக்கிறது. அதுதான் விஷயம்.

5

சரி, அப்படியானால் 1812-ஐத் தீர்மானித்தது பீரங்கியா? அதுவும் இல்லை. போரோதினோவில் ரஷ்யர்கள் பின்வாங்கினார்கள், மாஸ்கோவையும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த நாள் கணக்கில் பிரெஞ்சுப் பக்கம்தான் வெற்றி. மூன்று மாதத்துக்குள் அந்த வெற்றிபெற்ற படையே இல்லாமல் போயிற்று.

‘போரும் வாழ்வும்’ எழுதி முடிக்கப்பட்ட அதே 1869-இல் பிரான்சில் சார்ல் மினார் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் ஒரு வரைபடம் வெளியிட்டார். நெப்போலியன் படையின் பயணத்தை ஒரு பட்டையாக வரைந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். நீமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேர், ஆற்று வெள்ளம் மாதிரி அகலமான பட்டை. மாஸ்கோ வரும்போது 1,00,000. திரும்பிவருகிற வழியில் கருப்புக் கோடாக மெலிந்து மெலிந்து, மறுபடி நீமனுக்கு வந்து சேரும்போது 10,000. வரைபடத்தின் அடியில் குளிரின் அளவு.

உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். குளிர்க்கோடு தொடங்குவதற்கு முன்பே, போகும் வழியிலேயே பட்டை பாதிக்கு மேல் மெலிந்துவிடுகிறது. காவலுக்கென்று வழியில் விட்டுவைத்த படைகளைக் கழித்துப் பார்த்தாலும் பயங்கரமான மெலிவு அது. கோடை வெயில், தீவனமில்லாமல் செத்த குதிரைகள், பின்தங்கிப்போன தானிய வண்டிகள், பேன் பரப்பிய டைஃபஸ் காய்ச்சல். இங்கே ஆள்பலம்தான் சுமையாகிவிட்டது. நாலு லட்சம் பேர் என்றால் நாலு லட்சம் வயிறு. பீரங்கியை இழுக்கக் குதிரை வேண்டும், குதிரைக்குப் புல் வேண்டும். முன்னால் போனவன் குதிரை மேய்ந்துவிட்ட வழியில் பின்னால் வருகிறவன் குதிரைக்குப் புல் ஏது? அட்டவணையில் பலமாகத் தெரிகிற இரண்டு எண்களும் சாலையில் பசியாக மாறிவிடுகின்றன.

குதுசோவ் கிழவருக்கு இது புரிந்திருந்தது என்று தல்ஸ்தோய் காட்டுகிறார். ஆலோசனைக் கூட்டத்தில் தூங்கி வழிகிற, பொறுமையும் காலமும்தான் தன் படைவீரர்கள் என்று நம்புகிற தளபதி. ஆந்த்ரேயின் வீர வசனத்தைவிட இந்தத் தூக்கத்தில் அதிக உண்மை இருக்கிறது.

மினாரின் படத்தை உலகிலேயே சிறந்த புள்ளிவிவரப் படம் என்று சொல்வார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கருப்புக் கோட்டுக்கு உள்ளே யார் இருந்தார்கள் என்று பார்க்க நாவலுக்குத்தான் திரும்ப வேண்டும். பின்வாங்குகிற பிரெஞ்சுப் படை இழுத்துக்கொண்டு போகும் கைதிகளில் பிளாட்டோன் கரதாயேவ் என்ற விவசாயச் சிப்பாய் ஒருவன். காய்ச்சல் வந்து நடக்க முடியாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறான். பியேர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. கரதாயேவோடு எப்போதும் சுற்றிய நாய் அங்கே ஊளையிடுகிறது. மினாரின் அளவுகோலில் கரதாயேவ் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரெஞ்சுப் படையின் பட்டையில் ரஷ்யக் கைதிக்கு இடமே கிடையாது.

6

“அதெல்லாம் பழைய காலம்ணே” என்று நண்பன் சொல்வான். சரி, நம் காலத்துக்கு வருவோம். ஆள்பலம், ஆயுதபலம் இரண்டும் சேர்ந்தும் தோற்ற கதைக்கு எல்லோரும் காட்டுகிற உதாரணம் வியட்நாம்.

1969-இல் அங்கே அமெரிக்கப் படை 5,43,000 பேர் வரை போனது. அதோடு தென் வியட்நாம் அரசின் படை. வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றின் மீதும் அமெரிக்கா கொட்டிய குண்டுகள் 70 லட்சம் டன்னுக்கும் மேல். இரண்டாம் உலகப் போர் முழுவதிலும் அது வீசியதைப் போல மூன்று மடங்கு. தளபதி வெஸ்ட்மோர்லண்டின் திட்டம் சுத்தமான கணக்குத் திட்டம்: எதிரி புதிதாகச் சேர்க்கிற ஆட்களைவிட அதிகமாகக் கொன்றுகொண்டே போனால் ஒருநாள் எதிரியிடம் ஆள் தீர்ந்துவிடும். அதற்காகவே பிணங்களை எண்ணினார்கள். அந்த நாள் வரவேயில்லை.

அப்போ தல்ஸ்தோய் சொன்ன எக்ஸ்தான் ஜெயித்தது, இல்லையா? ஜெயித்த பக்கத்தில் நின்று சண்டை போட்டவர் எழுதிய நாவல் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்போம். பாவோ நின் 1952-இல் பிறந்தவர், வட வியட்நாம் படையில் இருந்தவர். ‘போரின் துயரம்’ என்று பொருள்படும் அவருடைய நாவலின் நாயகன் கியென். போர் முடிந்த பிறகு காட்டில் செத்தவர்களின் எலும்புகளைத் தேடிச் சேகரிக்கிற லாரியில் போகிறான். 1969-இல் அவனுடைய பட்டாலியன் அழிந்துபோன இடத்துக்கு, ஆவிகள் அலறும் காடு என்று பெயர். தப்பியவர்கள் பத்துப் பேர்.

அந்த நாவலில் மன உறுதி எங்கே இருக்கிறது என்று தேடினேன். சீட்டாடுகிறார்கள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே போகிறார்கள், சீட்டுக்கட்டு மட்டும் மிஞ்சுகிறது. காட்டுப்பூவைக் காயவைத்துப் புகைத்து மயங்கிக் கிடக்கிறார்கள். கான் என்ற வீரன் கியெனிடம் வந்து, கொன்று கொன்று அலுத்துவிட்டது, அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிப்போகிறான். கொஞ்ச நாள் கழித்துக் காட்டில் அவன் பிணம்தான் கிடைக்கிறது. 1975 ஏப்ரல் 30, வெற்றி நாள். கியென் விமான நிலையத்தில் இருக்கிறான். சுற்றிலும் குடி, கொள்ளை, பிணங்கள். சந்தோஷம் மட்டும் இல்லை.

இவர்கள்தான் ஜெயித்தவர்கள். இவர்களுடைய எக்ஸ்தான் 70 லட்சம் டன்னைத் தோற்கடித்தது என்று மேடையில் சொல்கிறோம். 1995-இல் வியட்நாம் அரசே தன் தரப்பில் செத்த போராளிகள் 11 லட்சம் என்று அறிவித்தது. அமெரிக்கத் தரப்பில் 58,000 சொச்சம். போர்முனையின் கணக்கில் எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் அமெரிக்காவுக்குத்தான் வெற்றி வர வேண்டும். வரவில்லை. ஏனென்றால் எவ்வளவு சாவைத் தாங்குவது என்ற முடிவு சூத்திரத்துக்கு வெளியே எடுக்கப்படுகிறது. ஒரு பக்கம் 58,000-இல் போதும் என்றது. இன்னொரு பக்கம் 11 லட்சத்திலும் போதும் என்று சொல்லவில்லை. இதைத்தான் வரலாற்றில் மன உறுதி என்று எழுதுகிறோம். யாருடைய மன உறுதி? கான் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றான். அவன் அந்த 11 லட்சத்தில் உண்டா இல்லையா?

ஆக, டீக்கடைக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ஒரு வயலில் ஒரு மத்தியானத்தில் யார் சாவது என்பதைப் பெரும்பாலும் ஆயுதம் தீர்மானிக்கிறது. எத்தனை நாள் இழுக்கலாம் என்பதை ஆள்பலமும் அரிசி மூட்டையும் தீர்மானிக்கின்றன. எப்போது நிறுத்துவது என்பதை வயலில் இல்லாதவர்கள் தீர்மானிக்கிறார்கள். மன உறுதி என்று நாம் சொல்வது இந்த மூன்றையும் மறைக்க, முடிவு தெரிந்த பிறகு போர்த்துகிற போர்வை. அந்தப் போர்வை ஜெயித்தவனுக்குப் பொன்னாடை. தோற்றவனுக்குக் குற்றப்பத்திரிகை.

7

குற்றப்பத்திரிகை என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நண்பனின் குடும்பம் 1990-இல் படகேறி வந்தது. முகாமில் பிறந்து வளர்ந்தவன் அவன். வெளியே மதுரைத் தமிழ், வீட்டுக்குள் வன்னித் தமிழ். அவனுடைய சித்தப்பா வரவில்லை, அங்கேயே இருந்துவிட்டார். 2009-இல், கடைசி வாரங்களில், ஷெல் விழுந்து இறந்தார். இதைப் பற்றி அவன் வீட்டில் பேசிக்கொள்வதில்லை. அவனுடைய அப்பா மட்டும் எப்போதாவது, தொலைக்காட்சியில் ஏதாவது ஒரு போரைப் பார்க்கும்போது, யாரையும் பார்க்காமல் சொல்வாராம்: “கடைசியிலை பொடியளுக்கு மனம் விட்டுப்போச்சு. அதுதான்.”

ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவன் ஏன் எண்ணிக்கையை இப்படி விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று. எட்டு லட்சம், ரெண்டு லட்சம், நாலுக்கு ஒண்ணு என்று கணக்குப் போட்டுவிட்டால் சித்தப்பா மேல் தப்பில்லை. யாருக்கும் மனம் விட்டுப்போகவில்லை. வெறும் வகுத்தல் கணக்கு. கல்நெஞ்சக்காரனின் பேச்சு என்று நான் நினைத்திருந்தது பாசத்தில் வந்த பேச்சு.

அவனுடைய அப்பா சொல்வதும் ஆந்த்ரேய் ஆஸ்டர்லிட்ஸ் பற்றிச் சொல்வதும் ஒரே வாக்கியம். தல்ஸ்தோயின் சமன்பாட்டை மனிதர்கள் மீது போட்டால் அந்த வாக்கியம்தான் வரும். நான் கல்லூரியில் புல்லரித்த பக்கம் அந்த வீட்டில் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பழியிலிருந்து தப்பிக்க அவனுக்குக் கிடைத்த ஒரே வழி அட்டவணை. ஆனால் அட்டவணையில் சித்தப்பாவும் இல்லை.

போரோதினோ அத்தியாயத்தை மட்டும் படி என்று அவனிடம் கொடுத்தேன். அந்த ஓட்ஸ் வயல் அத்தியாயத்தில் ஒரு பத்தி உண்டு. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது சிப்பாய்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தல்ஸ்தோய் வரிசையாகச் சொல்கிறார். ஒருவன் தொப்பியைப் பிரித்து மடிப்பைச் சரிசெய்கிறான். ஒருவன் காய்ந்த களிமண்ணால் துப்பாக்கிக் கத்தியைத் தேய்க்கிறான். ஒருவன் காலில் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி சுற்றுகிறான். சிலர் உழவுக்கட்டியில் சின்ன வீடு கட்டுகிறார்கள். சிலர் வைக்கோலில் கூடை முடைகிறார்கள். எங்கிருந்தோ ஒரு சின்னப் பழுப்பு நாய் வாலைத் தூக்கிக்கொண்டு அணிவகுப்புக்கு முன்னால் ஓடுகிறது. பக்கத்தில் குண்டு விழுந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு பாய்ந்து ஓடுகிறது. மொத்த ரெஜிமென்டும் சிரிக்கிறது.

இதில் வீரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. எக்ஸ் என்று எதையும் சுட்ட முடியாது. சாகப்போகிறவர்கள் வைக்கோல் முடைகிறார்கள், அவ்வளவுதான். சொக்கலிங்கம் இந்த நாவலின் தலைப்பில் அமைதி என்று போடாமல் வாழ்வு என்று போட்டது சரியா என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தப் பத்தியை வாசித்த பிறகு நான் கேட்பதில்லை. போருக்கு நடுவிலேயே வாழ்வு இருக்கிறது, வைக்கோல் கூடை அளவுக்கு.

ஒரு வாரம் கழித்து நண்பன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். ஆள்பலம், ஆயுதபலம் எதுவும் பேசவில்லை. டீ வந்தது, குடித்தான். காசு கொடுக்கும்போது, “அண்ணே, அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன்” என்றான்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. வைக்கோல் கூடை வர்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாரு.”